காத்திருத்தலும் பணியாற்றுதலும்: ஐநெட்டி நிரலின் அமைப்பும் வழித்தோன்றல்களும்

ஆய்வுச் சுருக்கம்

யுனிக்ஸ் இயக்க முறைமையின் பெர்க்லி மரபில் 1986ஆம் ஆண்டு அறிமுகமான ஐநெட்டி, வலையமைப்பு வழியே வரும் இணைப்புகளைப் பல சேவைகளின் சார்பில் தான் ஒன்றே எதிர்கொண்டு, உரிய நிரலை அவ்வப்போது தொடங்கிவைக்கும் நிரலாகும். நினைவகச் சிக்கனத்திற்கான ஏற்பாடு என்றே இது பொதுவாக விளக்கப்படுகிறது. அவ்விளக்கம் பிழையன்று, ஆயினும் போதுமானதன்று. நினைவகத் தட்டுப்பாடு நீங்கிய பின்னரும் லாஞ்ச்டி, சிஸ்டம்டி முதலியவற்றில் இக்கருத்து நிலைத்திருப்பதற்கு வேறு காரணம் உண்டு. அழைப்புக்காகக் காத்திருக்கும் உரிமையையும் அழைப்பிற்குப் பதிலளிக்கும் திறனையும் வெவ்வேறு நிரல்களிடம் ஒப்படைக்க இயலும் என்பதை ஐநெட்டி நிறுவியது. அதன் அமைவுக் கோப்பில் விதிவிலக்குப்போல் இடம்பெற்ற ‘வெயிட்’ என்னும் ஒரு சொல்லே பிற்கால வளர்ச்சியின் வித்தாக அமைந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஐநெட்டி, சாக்கெட், யுனிக்ஸ், டிசிபி உறை, சிஸ்டம்டி, வலையமைப்புச் சேவை.

முன்னுரை

வலையமைப்பில் இணைந்த ஒரு கணினி மற்றொன்றுக்குப் பணியாற்ற வேண்டுமெனில், அழைப்பு வரும் வேளையில் அதனை எதிர்கொள்ள ஒரு நிரல் விழித்திருத்தல் வேண்டும். அழைப்பு எப்போது வரும் என்பது முன்கூட்டித் தெரியாது. நாள் முழுதும் வராமலும் போகலாம். வராத அழைப்புக்காக ஒரு நிரலை எத்தனை காலம் நினைவகத்தில் வைத்திருப்பது என்பதே ஐநெட்டி தோன்றுவதற்குக் காரணமான வினா.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து 1983இல் வெளிவந்த 4.2 பி.எஸ்.டி. பதிப்பு, டிசிபி/ஐபி நெறிமுறைகளையும் சாக்கெட் என்னும் இடைமுகத்தையும் யுனிக்ஸ் பயனர்களிடம் பரவலாகக் கொண்டுசேர்த்தது. அப்பதிப்பில் டெல்நெட், எஃப்டிபி, ஆர்லாகின், ஆர்எஸ்ஹெச் ஆகிய ஒவ்வொரு சேவைக்கும் ஒரு தனி நிரல் இருந்தது. கணினி தொடங்கும்போதே அவை அனைத்தும் தொடங்கப்பெற்று, பின்னணியில் உறங்கிக் கிடந்தன. நினைவகம் ஒரு சில மெகாபைட் அளவே இருந்த வாக்ஸ் கணினிகளில் இது சிறிய செலவன்று. மேலும், ஒரே நேரத்தில் இயங்கக்கூடிய நிரல்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு இருந்தது. சேவைகள் பெருகப் பெருக, ஒரு பணியும் செய்யாமல் காத்துக்கிடக்கும் நிரல்களும் பெருகின. 1986இல் வெளிவந்த 4.3 பி.எஸ்.டி. பதிப்பில் இடம்பெற்ற ஐநெட்டி இந்நிலையை மாற்றியது. எல்லாச் சேவைகளின் வாயிலிலும் ஒரே நிரல் காத்திருக்கும். அழைப்பு வந்தால் மட்டும் உரிய நிரலை எழுப்பும். இதனாலேயே இதற்கு ‘இணைய மீச்சேவையகம்’ என்னும் பொருள்தரும் பட்டப்பெயர் ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று.

தமிழில் ‘சேவையகம்’ என்னும் சொல் கணினிப் பொறியையும் அதில் இயங்கும் நிரலையும் ஒருங்கே குறித்து வருவதால் இங்கு மயக்கம் எழ வாய்ப்புண்டு. இக்கட்டுரையில் பொறியைக் குறிக்கக் ‘கணினி’ என்பதும், பணிபுரியும் நிரலைக் குறிக்கச் ‘சேவை நிரல்’ என்பதும் ஆளப்படுகின்றன.

கேட்கும் சாக்கெட்டும் பேசும் சாக்கெட்டும்

ஐநெட்டியின் இயக்கத்தை உணர, சாக்கெட்டுகளில் இருவகை உண்டு என்பதை முதலில் தெளிதல் வேண்டும். டிசிபி நெறிமுறையில் ஒரு சேவை நிரல் முதற்கண் ஒரு சாக்கெட்டை உருவாக்கி, அதனை ஒரு போர்ட் எண்ணுடன் பிணைத்து, அழைப்புகளை ஏற்க ஆயத்தமாக இருப்பதாகக் கெர்னலிடம் அறிவிக்கிறது. இது கேட்கும் சாக்கெட். இதன்வழி எவரும் எவருடனும் பேசுவதில்லை. வரும் அழைப்புகள் இதன் வரிசையில் நிற்கும், அவ்வளவே. வரிசையின் தலையில் நிற்கும் அழைப்பை நிரல் ஏற்கும்போது, அந்த ஓர் உரையாடலுக்கென்றே புதிய சாக்கெட் ஒன்றைக் கெர்னல் தருகிறது. இது பேசும் சாக்கெட். உரையாடல் முடிந்ததும் அது மூடப்படும். கேட்கும் சாக்கெட் நீடிக்கும்.

வரிசையில் நிறுத்தும் பணியைக் கெர்னலே செய்கிறது என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. எந்த நிரலும் ஏற்காத நிலையிலும், வரிசையில் இடம் உள்ளவரை இணைப்பு நிறைவுபெற்றுக் காத்திருக்கும். பழைய பி.எஸ்.டி. அமைப்புகளில் இவ்வரிசைக்குக் குறித்துரைக்கக்கூடிய நீளத்தின் உச்சவரம்பு 5 மட்டுமே. இச்சிறு வசதியின் முழுப்பயன் வெளிப்படுவதற்கு இருபது ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று. அது பின்னர் விளக்கப்படும்.

யுனிக்ஸில் திறந்த கோப்பு ஒவ்வொன்றையும் ஒரு சிறு எண் குறிக்கும். சாக்கெட்டும் அவ்வாறே எண்ணால் குறிக்கப்படும். அவ்வெண்ணைக் ‘கோப்பெண்’ என்று வழங்கலாம். 0 என்பது நிரல் படிக்கும் உள்ளீடு. 1 என்பது எழுதும் வெளியீடு. 2 என்பது பிழைச்செய்தி செல்லும் வழி. ஒரு நிரல் தன் பிரதியைப் பெற்றெடுப்பதற்கு ஃபோர்க் என்றும், அப்பிரதி தன்னை வேறொரு நிரலாக மாற்றிக்கொள்வதற்கு எக்ஸெக் என்றும் பெயர். இம்மாற்றத்தின்போது திறந்திருக்கும் கோப்பெண்கள் பொதுவாக அப்படியே தொடர்கின்றன. ஐநெட்டியின் உத்தி முழுவதும் இவ்வொரு பண்பின்மீதே எழுப்பப்பட்டது.

அமைவுக் கோப்பும் இயக்கமும்

ஐநெட்டி தொடங்கியதும் ‘ஈடிசி’ அடைவிலுள்ள தன் அமைவுக் கோப்பைப் படிக்கிறது. கோப்பின் ஒவ்வொரு வரியும் ஒரு சேவை. சேவையின் பெயர், சாக்கெட்டின் வகை, நெறிமுறை, ‘வெயிட்’ அல்லது ‘நோவெயிட்’ என்னும் குறிப்பு, எந்தப் பயனரின் பெயரால் இயங்க வேண்டும் என்பது, சேவை நிரலின் இருப்பிடம், அதற்குத் தரவேண்டிய அளபுருக்கள் ஆகியன ஒரே வரியில் இடைவெளிவிட்டு எழுதப்படும். எஃப்டிபி சேவைக்குரிய வரியைத் தமிழ் ஒலிபெயர்ப்பில் எழுதினால் ‘எஃப்டிபி – ஸ்ட்ரீம் – டிசிபி – நோவெயிட் – ரூட் – எஃப்டிபிடி நிரலின் பாதை’ என அமையும். வரியின் முன் ஒரு கட்டக்குறியை இட்டால் அச்சேவை நிறுத்தப்பட்டதாகும். கோப்பைத் திருத்தியபின் ஐநெட்டிக்குத் ‘தொங்கல்’ எனப் பொருள்படும் ஹப் சமிக்ஞையை அனுப்பினால், அது தன் இயக்கத்தை நிறுத்தாமலே கோப்பை மறுபடியும் படித்துக்கொள்ளும்.

பெயருக்குரிய போர்ட் எண்ணைச் சேவைகளின் பட்டியல் கோப்பிலிருந்து அறிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேட்கும் சாக்கெட்டைத் திறந்தபின், ஐநெட்டி ‘செலக்ட்’ என்னும் கெர்னல் அழைப்பில் உறங்குகிறது. பல சாக்கெட்டுகளில் எதில் அசைவு ஏற்பட்டாலும் எழுப்புமாறு கேட்பதே அவ்வழைப்பு. எஃப்டிபி போர்ட்டில் ஓர் இணைப்பு வந்தால் ஐநெட்டி அதனை ஏற்றுப் பேசும் சாக்கெட்டைப் பெறுகிறது; பின்னர் ஃபோர்க் செய்கிறது. பிறந்த பிரதி அச்சாக்கெட்டை 0, 1, 2 ஆகிய மூன்று கோப்பெண்களிலும் அமர்த்தி, குறிப்பிட்ட பயனரின் உரிமைக்குத் தன்னைக் குறைத்துக்கொண்டு, எக்ஸெக் வழியே எஃப்டிபி நிரலாக மாறுகிறது. மூலப் பிரதியோ பேசும் சாக்கெட்டின் தன் பிடியை விட்டுவிட்டு, மறுபடியும் உறங்கச் செல்கிறது.

இதன் விளைவு வியப்புக்குரியது. உள்ளீட்டைப் படித்து வெளியீட்டை எழுதத் தெரிந்த எந்த நிரலும், வலையமைப்பைப் பற்றி ஒரு வரியும் எழுதப்படாமலே, வலையமைப்புச் சேவையாகிவிடுகிறது. நாளையும் நேரத்தையும் அச்சிடும் ‘டேட்’ நிரலை அமைவுக் கோப்பின் ஒரு வரியில் குறித்தால், அந்தப் போர்ட்டைத் தொடுவோர்க்கெல்லாம் அது நேரம் சொல்லும். வகுப்பறையில் வலையமைப்பு நிரலாக்கத்தைத் தொடங்குவதற்கு இதனினும் எளிய வாயில் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. எனினும் செய்துபார்க்கும் மாணவர் இரு இடங்களில் தடுக்கி விழுவது உறுதி. முனையத்தில் இயங்கும்போது வரிக்கு வரி வெளியீட்டை அனுப்பும் சி மொழி நூலகம், வெளியீடு சாக்கெட்டாக இருக்கும்போது இடையகம் நிறையும் வரை அதனைத் தேக்கிவைக்கும். கேள்விக்குப் பதில் வராமல் இரு முனைகளும் ஒன்றையொன்று நோக்கி வாளாவிருக்கும். அடுத்தது, பிழைச்செய்திக்குரிய கோப்பெண் 2உம் அதே சாக்கெட்டே ஆதலால், நிர்வாகிக்குச் செல்லவேண்டிய புலம்பல்கள் அனைத்தும் அழைத்தவரின் திரையில் தோன்றும்.

மிகச் சிறிய சேவைகள் சிலவற்றுக்குத் தனி நிரலும் தேவைப்படவில்லை. வந்ததைத் திருப்பி அனுப்பும் எக்கோ, வந்ததைக் கைவிடும் டிஸ்கார்டு, எழுத்துகளைப் பொழியும் சார்ஜென், நேரம் கூறும் டேடைம், டைம் ஆகியவற்றை ஐநெட்டி தானே நிறைவேற்றியது. இவற்றின் நெறிமுறைகளை ஜான் போஸ்டல் 1983இல் சுருக்கமான ஆவணங்களாக வெளியிட்டிருந்தார். சோதனைக்காக அமைந்த இவை பிற்காலத்தில் பெருந்தொல்லைக்கு இடமாயின.

வெயிட், நோவெயிட்

அமைவு வரியின் நான்காம் இடத்தில் நிற்கும் இச்சொல்லைப் பலர் பொருள் உணராமல் படியெடுத்தே பழகினர். உண்மையில் ஐநெட்டியின் கோட்பாட்டு அடிப்படை இவ்விடத்தில்தான் உள்ளது.

நோவெயிட் முறையில் ஐநெட்டி இணைப்பைத் தானே ஏற்று, பேசும் சாக்கெட்டைச் சேவை நிரலிடம் தருகிறது. கேட்கும் சாக்கெட் ஐநெட்டியிடமே இருக்கும். அடுத்த அழைப்பு வந்தால் இன்னொரு பிரதி பிறக்கும்; பத்து அழைப்புக்குப் பத்துப் பிரதிகள். வெயிட் முறையில் ஐநெட்டி எதனையும் ஏற்பதில்லை. அழைப்பு வந்துள்ளது என்பதை அறிந்த மாத்திரத்தில், கேட்கும் சாக்கெட்டையே சேவை நிரலின் கையில் ஒப்படைக்கிறது. தான் அந்தச் சாக்கெட்டைக் கவனிப்பதை நிறுத்திக்கொள்கிறது. சேவை நிரல் முடிந்துபோனதாகக் கெர்னல் அறிவித்த பின்னரே மறுபடியும் கவனிக்கத் தொடங்குகிறது.

இரண்டாம் முறை முதன்மையாக யுடிபி நெறிமுறைக்காகவே வகுக்கப்பட்டது. யுடிபியில் இணைப்பை ஏற்றல் என்னும் செயலே இல்லை. வரும் பொதிகள் யாவும் ஒரே சாக்கெட்டில் வந்து சேரும். பிறந்த பிரதி முதற்பொதியை எடுத்துப் படிக்கும்வரை ‘இங்கே ஏதோ வந்துள்ளது’ என்று செலக்ட் சொல்லிக்கொண்டே இருக்கும். ஐநெட்டி கவனிப்பதை நிறுத்தாவிடின், ஒரே பொதிக்கு அடுத்தடுத்துப் பல பிரதிகள் பிறந்துவிடும். டிஎஃப்டிபி சேவை இதனை நயமாகக் கையாண்டது. அது முதற்பொதியைப் படித்ததும் ஃபோர்க் செய்து, மூலப் பிரதி உடனே முடிந்துவிடும். ஐநெட்டி தன் காவலுக்குத் திரும்பும். பிறந்த பிரதியோ வேறொரு சாக்கெட்டைத் திறந்து அழைத்தவருடன் தனியே பேசும். டாக், காம்சாட் ஆகிய சேவைகள் வேறுவிதம். ஒருமுறை எழுந்தபின் வரும் பொதிகளையெல்லாம் தாமே கவனித்து, சிறிது நேரம் எவரும் அழைக்காவிடில் தாமே ஓய்ந்தன.

ஆக, நோவெயிட் முறையில் சேவை நிரல் பெறுவது ஓர் உரையாடலை. வெயிட் முறையில் பெறுவது வாயிலையே. டிசிபி சேவைக்கும் வெயிட் என எழுத ஐநெட்டி இடமளித்தது. ஆயினும் 1980களிலும் 1990களிலும் டிசிபி சேவைகளில் மிகப்பெரும்பாலானவை நோவெயிட் முறையிலேயே இயங்கின. எளிமை அதில்தான் இருந்தது. வெயிட் என்பது யுடிபியின் இயல்பால் நேர்ந்த விதிவிலக்காகவே கருதப்பட்டது.

எளிமை தந்த இடர்கள்

1988 நவம்பர் 2ஆம் நாள், கார்னெல் பல்கலைக்கழக மாணவரான ராபர்ட் டாப்பன் மோரிஸ் வெளியிட்ட புழு நிரல் இணையத்தில் பரவியது. அது பயன்படுத்திய வழிகளுள் ஒன்று ஃபிங்கர் சேவை. பயனர் பெயர் ஒன்றைப் பெற்று அவரைப்பற்றிய விவரம் தரும் இச்சேவையை ஐநெட்டியே தொடங்கிவைத்தது. சேவை நிரல் 512 பைட் இடத்தை ஒதுக்கி, அளவைச் சரிபார்க்காத ‘கெட்ஸ்’ செயற்கூறால் உள்ளீட்டைப் படித்தது. புழு 536 பைட்டுகளை அனுப்பியது. மிகுதி அருகிலிருந்த திரும்பு முகவரியை மேலெழுதி, யுனிக்ஸின் கட்டளை ஓடான ஷெல்லைத் தொடங்கச் செய்தது.

இத்தாக்குதல் இடையகப் பெருக்கத்திற்கு எடுத்துக்காட்டாக எண்ணற்ற முறை விளக்கப்பட்டுள்ளது. ஐநெட்டியின் பங்கு அவ்விளக்கங்களில் அரிதாகவே பேசப்படுகிறது. குறை ஃபிங்கர் நிரலுடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஷெல்லைத் தொடங்குவது மட்டும் தாக்குவோர்க்குப் போதாது. அந்த ஷெல்லுடன் பேசவும் வழி வேண்டும். அவ்வழியை எவரும் அமைக்க வேண்டியிருக்கவில்லை. 0, 1 ஆகிய கோப்பெண்களில் வலையமைப்பு இணைப்பை ஐநெட்டி ஏற்கெனவே அமர்த்தி வைத்திருந்தது. எக்ஸெக் செய்யப்பட்ட ஷெல் அவற்றை மரபுரிமையாகப் பெற்றது. தொலைவிலிருந்த புழு அனுப்பிய கட்டளைகளைத் தன் உள்ளீடாகவே படித்தது. எந்தப் பண்பு ‘டேட்’ நிரலையும் சேவையாக்கியதோ, அதே பண்பு ஷெல்லையும் சேவையாக்கிவிட்டது. பொறிக்கேற்ப எழுதப்பட்ட அப்பைட்டுகள் வாக்ஸ் கணினிகளில் மட்டுமே பலித்தன. சன் கணினிகளில் ஃபிங்கர் நிரல் நிலைகுலைந்து நின்றதோடு சரி.

அடுத்த இடர் ஐநெட்டியின் உள்ளேயே இருந்த சிறு சேவைகளால் விளைந்தது. யுடிபி பொதியில் அனுப்புநர் முகவரியைப் பொய்யாக எழுத இயலும். ஒரு கணினியின் எக்கோ போர்ட்டிலிருந்து வந்ததுபோன்ற பொதி ஒன்றை மற்றொரு கணினியின் சார்ஜென் போர்ட்டுக்கு அனுப்பினால், சார்ஜென் எழுத்துகளை அனுப்பும். எக்கோ அதனைத் திருப்பி அனுப்பும். அதுவே புதிய கேள்வியாகி சார்ஜென் மீண்டும் அனுப்பும். ஒரே ஒரு பொதியால் இரு கணினிகளும் ஓயாது உரையாடத் தொடங்கிவிடும். அமெரிக்காவின் செர்ட் அமைப்பு 1996 பிப்ரவரியில் இதுபற்றி எச்சரித்து, தேவையற்ற யுடிபி சேவைகளை நிறுத்துமாறு அறிவுறுத்தியது. நிர்வாகிகள் அமைவுக் கோப்பின் வரிகளுக்கு முன் கட்டக்குறி இடும் வழக்கம் இக்காலத்தில் பரவலாயிற்று.

தற்காப்புக்காக அமைந்த ஓர் ஏற்பாடே தாக்குதலுக்கு வாயிலான கதையும் உண்டு. பழுதுற்ற சேவை நிரல் பிறந்ததும் இறந்து, மறுபடியும் பிறந்து, கணினியைத் திணறச் செய்வதைத் தடுக்க, ஒரு நிமிடத்தில் 40 முறைக்குமேல் ஒரு சேவை தொடங்கப்பெற்றால் அதனைப் பழுதுற்றதாகக் கருதி 10 நிமிடம் நிறுத்திவைக்கும் விதியைப் பெர்க்லி ஐநெட்டி கொண்டிருந்தது. பழுதுற்ற நிரலையும் பலர் நாடும் நிரலையும் இவ்விதியால் வேறுபடுத்த முடியாது. விரைந்து 40 முறை அழைத்துத் துண்டிக்கும் எவரும் பிறருக்கு அச்சேவையைப் பத்து நிமிடம் மறுத்துவிட இயலும்.

வாயிலில் ஒரு காவல்

நெதர்லாந்தின் ஐன்ட்ஹோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1990 அளவில் ஓர் ஊடுருவியின் தொல்லை மிகுந்திருந்தது. அவர் கணினிகளில் நுழைந்து கோப்புகள் அனைத்தையும் அழித்துவந்தார். அழிவோடு தடயங்களும் அழிந்தன. ஃபிங்கர் முதலிய சேவைகளை அவர் வெளியிலிருந்து அழைத்து வேவுபார்ப்பதை உணர்ந்த விட்சே வெனெமா, அவ்வழைப்புகளைப் பதிவுசெய்ய விரும்பினார். பல நிறுவனங்களின் யுனிக்ஸ் கணினிகள் அங்கு இருந்தன. மூலநிரல் கையில் இல்லை. எனவே ஒரு சேவை நிரலையும் திருத்த வழியில்லை.

அவர் கண்ட தீர்வு ஐநெட்டியின் அமைப்பிலேயே மறைந்திருந்தது. சேவை நிரலைத் தொடங்குவது வேறொரு நிரல் எனில், தொடங்குவதற்கும் தொடக்கத்திற்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. அவ்விடைவெளியில் ஒரு சிறு நிரலை அவர் வைத்தார். ஐநெட்டி அதனைத் தொடங்கும். அது மறுமுனையில் இருப்பவர் யார் என்று கெர்னலிடம் கேட்டுப் பதிவுசெய்யும். பின்னர் எக்ஸெக் வழியே உண்மையான சேவை நிரலாகத் தன்னை மாற்றிக்கொண்டு மறையும். அழைத்தவருடன் அது ஒரு சொல்லும் பேசுவதில்லை. பணி முடிந்தபின் அதன் சுவடும் நினைவகத்தில் இல்லை. டிசிபி உறை எனப்பட்ட இந்நிரல் பின்னர் அனுமதிப் பட்டியல், மறுப்புப் பட்டியல் என்னும் இரு கோப்புகளைக் கொண்டு அழைப்புகளைத் தடுக்கவும் கற்றது. குறிப்பிட்ட இடத்திலிருந்து அழைப்பு வந்தால் அவ்விடத்தையே திருப்பி வேவுபார்க்கும் பொறிகளும் அதில் இருந்தன. 1992 செப்டம்பரில் பால்டிமோரில் நடந்த யூஸ்நிக்ஸ் பாதுகாப்புக் கருத்தரங்கில் வெனெமா இதனை விளக்கினார்.

உறையின் வரம்பும் இங்கு நோக்கத்தக்கது. நோவெயிட் சேவைகளில் ஒவ்வோர் அழைப்பையும் அது கண்டது. வெயிட் சேவைகளில் முதல் அழைப்பை மட்டுமே கண்டது. ஏனெனில் வாயில் கைமாறியபின் வருவோரைச் சேவை நிரலே நேரே எதிர்கொள்ளும். வாயிலின் உரிமை யாரிடம் உள்ளதோ அவரிடமே காவலும் இருக்கும் என்பதற்கு இது நேரடியான சான்று.

கொலராடோ பல்கலைக்கழகத்தில் பானோஸ் சிரிகோட்டிஸ் உருவாக்கிய எக்ஸ்ஐநெட்டி, உறையின் பணிகளை ஐநெட்டிக்குள்ளேயே சேர்த்தது. எவரெவர் அழைக்கலாம், எந்நேரத்தில் அழைக்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை பிரதிகள் இயங்கலாம் என்பவற்றை அதில் குறிக்கலாம். ரெட் ஹேட் லினக்ஸ் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட தன் ஏழாம் பதிப்பில் இதற்கு மாறியது. டேனியல் பெர்ன்ஸ்டைனின் டிசிபிசர்வர் நிரலோ மீச்சேவையகம் என்னும் எண்ணத்தையே கைவிட்டு, சேவைக்கொரு காவலாக இயங்கியது. நிமிடத்திற்கு எத்தனை அழைப்பு என்பதை எண்ணாமல், ஒரே நேரத்தில் எத்தனை உரையாடல்கள் நிகழலாம் என்பதை அது வரையறுத்தது, குறிப்பிடாவிடில் 40. மேற்கண்ட பத்து நிமிடத் தடைக்கு இதுவே ஏற்ற மாற்று எனலாம்.

விலகிச்சென்ற சேவைகள்

அழைப்புக்கு ஒரு பிரதி என்னும் முறை, அழைப்புகள் அரிதாகவும் உரையாடல்கள் நெடியனவாகவும் இருந்த காலத்திற்கு உரியது. உலகளாவிய வலை இரண்டையும் தலைகீழாக்கியது. தொடக்ககால ஹெச்டிடிபியில் பக்கத்திற்கு ஓர் இணைப்பு, அதிலுள்ள ஒவ்வொரு படத்திற்கும் ஓர் இணைப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோர்க், ஓர் எக்ஸெக், சேவை நிரலின் அமைவுக் கோப்பை முதலிலிருந்து படித்தல். அப்பாச்சி நிரலின் 1.3 பதிப்பில் ஐநெட்டி வழியே இயங்கும் தெரிவு இருந்தது, 2.0 பதிப்பில் அது நீக்கப்பட்டது.

எஸ்எஸ்ஹெச் சேவையின் தடை வேறுவகைப்பட்டது. 1995இல் டாட்டு உலோனென் உருவாக்கிய எஸ்எஸ்ஹெச்சின் முதல் நெறிமுறையில், சேவை நிரல் தொடங்கும்போதெல்லாம் ஒரு தற்காலிகத் திறவியை உருவாக்க வேண்டும். அக்காலக் கணினிகளில் அதற்குப் பத்துக்கணக்கான நொடிகள் ஆகலாம் என்றும், ஆதலால் ஐநெட்டி வழியே இதனை இயக்குவது வழக்கமன்று என்றும் அதன் கையேடே கூறியது. அழைத்த பின்னரே எழும் நிரலுக்கு, எழுவதற்கு ஆகும் நேரம் முழுவதும் அழைத்தவரின் காத்திருப்பாகிறது. 2014இல் அறிமுகமான அமேசான் லாம்டா போன்ற மேகச் சேவைகளில் ‘குளிர்த் தொடக்கம்’ எனப் பேசப்படுவதும் இதே சிக்கலே.

நினைவகம் மலிந்தது, முதன்மைச் சேவைகள் விலகின, டெல்நெட், ஃபிங்கர் முதலியன பாதுகாப்புக் காரணங்களால் வழக்கொழிந்தன. ஐநெட்டியின் காலம் முடிந்தது என்று கருதுவதற்கு எல்லா நியாயமும் இருந்தது.

வெயிட் முறையின் மீள்வரவு

2005இல் ஆப்பிள் நிறுவனம் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.4 பதிப்பில் லாஞ்ச்டி நிரலை அறிமுகப்படுத்தியது. கணினியின் முதல் நிரல், ஐநெட்டியின் பணி, குறித்த நேரப் பணிகளைத் தொடங்கும் பணி ஆகியன அதில் ஒன்றாயின. லினக்ஸில் லெனார்ட் பாட்டரிங், கே சீவர்ஸ் ஆகியோர் 2010இல் வெளியிட்ட சிஸ்டம்டி இவ்வழியைப் பின்பற்றியது. இரண்டிலும் நோக்கம் நினைவகச் சிக்கனமன்று. கணினி விரைந்து தொடங்குதலே.

கணினி தொடங்கும்போது ஒரு சேவை மற்றொன்றைச் சார்ந்திருப்பின், சார்ந்த சேவை காத்திருக்க நேரும். எதற்காகக் காத்திருக்கிறது என்று கூர்ந்து நோக்கினால், மற்றச் சேவை முழுதும் ஆயத்தமாவதற்காக அன்று. அதன் கேட்கும் சாக்கெட் திறக்கப்படுவதற்காகவே. எனவே சிஸ்டம்டி எல்லாக் கேட்கும் சாக்கெட்டுகளையும் முதலில் தானே திறந்துவிடுகிறது. பின்னர் சேவைகள் அனைத்தையும் ஒருசேரத் தொடங்குகிறது. ஒன்று மற்றொன்றை அழைத்தால் அழைப்பு கெர்னலின் வரிசையில் நிற்கும். அழைக்கப்பட்டது ஆயத்தமானதும் எடுத்துக்கொள்ளும். முன்னர்க் குறிப்பிட்ட வரிசையின் முழுப்பயன் இங்குதான் வெளிப்படுகிறது. அழைத்த நிரலுக்குத் தாமதம் மட்டுமே தெரியும், மறுப்பு தெரியாது. சேவை நிரலைப் புதுப்பிக்க நிறுத்தி மறுபடி தொடங்கினாலும், சாக்கெட் சிஸ்டம்டியின் பிடியில் திறந்தே இருத்தலால் இடையில் வரும் புதிய அழைப்புகள் தொலைவதில்லை.

சேவை நிரலிடம் கேட்கும் சாக்கெட்டே ஒப்படைக்கப்படுவதால், இது ஐநெட்டியின் வெயிட் முறையே. 0 என்னும் கோப்பெண்ணுக்குப் பதிலாக 3 முதல் தொடங்கும் கோப்பெண்களில் சாக்கெட்டுகள் தரப்படும். எத்தனை என்பது ஒரு சூழல் மாறி வழியே தெரிவிக்கப்படும். ஆதலால் ஒரு நிரல் பல வாயில்களைப் பெற இயலும். உள்ளீடும் பிழைச்செய்தியும் அழைத்தவருடன் கலப்பதுமில்லை. சிஸ்டம்டியின் சாக்கெட் கோப்பில் ‘அக்செப்ட்’ என்னும் வரிக்கு ‘ஆம்’ என எழுதினால் பழைய நோவெயிட் முறை. ‘இல்லை’ என்றால் வெயிட் முறை. எதுவும் எழுதாவிடில் ‘இல்லை’ எனக் கொள்ளப்படும். ஒருகாலத்து விதிவிலக்கு இன்று இயல்புநிலை.

வாயிலின் உரிமை இடம்மாறியதன் நடைமுறை விளைவை உபுண்டு 22.10 பதிப்பு காட்டியது. 2022 அக்டோபரில் வெளியான அப்பதிப்பில், முன்பு ஐநெட்டிக்கு ஏலாததாகக் கருதப்பட்ட எஸ்எஸ்ஹெச் சேவை சாக்கெட் வழியே தொடங்குவதாக மாற்றப்பட்டது. தொடக்கந்தோறும் திறவி உருவாக்க வேண்டியிருந்த பழைய நெறிமுறை மறைந்துவிட்டதால் தடை ஏதுமில்லை. முதல் அழைப்பு வரும்வரை நிரல் நினைவகத்தில் இருக்கத் தேவையில்லாததால் ஒவ்வொரு மெய்நிகர்க் கணினியிலும் சில மெகாபைட் மிஞ்சியது. ஆனால் வேறு போர்ட்டில் சேவையை இயக்க விரும்பி, பழக்கப்படி எஸ்எஸ்ஹெச் அமைவுக் கோப்பில் எண்ணை மாற்றியோருக்கு ஒரு மாற்றமும் நிகழவில்லை. போர்ட்டைத் திறப்பது சிஸ்டம்டி. அதன் சாக்கெட் கோப்பில் இருந்த எண் 22. எஸ்எஸ்ஹெச் நிரல் திறந்த சாக்கெட்டைக் கையில் பெற்றதே தவிர, எந்த எண்ணில் திறப்பது என்பதில் அதற்குச் சொல்லுரிமை இல்லை. எஸ்எஸ்ஹெச் கோப்பில் எழுதிய போர்ட் எண்ணைப் படித்து அதற்கேற்பச் சாக்கெட் கோப்பின் அமைவைத் தானே ஆக்கித்தரும் ஒரு சிறு நிரல் பின்வந்த பதிப்புகளில் இடையே சேர்க்கப்பட்டது.